கணினியில் இணையத் தொலைக்காட்சி மென்பொருள்: வாங்கி விற்பவர்களுக்கான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் கணினி பழுதுபார்க்கும் கடை, இ-சேவை மையம், கைபேசிக் கடை ஆகியவற்றை நடத்துபவர்களுக்கு, கணினியில் இணையத் தொலைக்காட்சி பார்க்க உதவும் மென்பொருளை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பது ஒரு துணைத்தொழிலாக அமையக்கூடும். இதற்கு முதலீடு குறைவு. சரக்கு தேங்கிக் கெட்டுப்போவதில்லை. உரிமக் குறியீட்டை மின்னஞ்சலில் பெற்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். ஆயினும் தாராளமாக விற்கக்கூடிய பொருளும், விற்றால் வழக்கில் மாட்டிவிடக்கூடிய பொருளும் ஒரே பெயரில், ஒரே மாதிரியான விளம்பரத்தோடு கடைக்காரரிடம் வந்து சேர்கின்றன. ஆகவே, எவ்வளவு லாபம் என்று கேட்பதற்கு முன்பாக, எதை விற்கப்போகிறோம் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விற்கப்போகும் பொருள் எது

வாடிக்கையாளர் “இணைய டிவி” என்று ஒரே பெயரில் கேட்பதற்குள் மூன்று தனித்தனிப் பொருள்கள் அடங்கியுள்ளன. முதலாவது பிளேயர், அதாவது இணையம் வழியாக வரும் ஒளிபரப்பை வாங்கித் திரையில் ஓட்டும் மென்பொருள். இரண்டாவது சேனல் பட்டியல். இது பெரும்பாலும் எம்3யு என்ற வகைக் கோப்பாக இருக்கும். ஒவ்வொரு சேனலின் பெயரும் அது கிடைக்கும் இணைய முகவரியும் வரிவரியாக எழுதப்பட்ட சாதாரண உரைக்கோப்பு என்பதற்கு மேல் அதில் வேறொன்றும் இல்லை. மூன்றாவது, அந்தச் சேனலை மக்களுக்குக் கொடுக்கும் உரிமை. இந்த உரிமை ஒளிபரப்பு நிறுவனத்திடமும், அந்நிறுவனம் எழுத்துமூலம் யாருக்கு வழங்கியிருக்கிறதோ அவரிடமும் மட்டுமே உள்ளது. வலைக்கடைக்காரர் வலையை விற்கிறார். எந்தக் கடலில் எந்த மீனைப் பிடிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அதுபோலவே பிளேயரை விற்பவருக்குச் சேனலை விற்கும் உரிமை வந்துவிடுவதில்லை.

இந்த வேறுபாடு நம் பகுதியில் எளிதில் மங்கிவிடுவதற்கு ஒரு பழைய காரணமும் இருக்கலாம் என்று கருதுகிறேன். மொட்டை மாடி ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி இலங்கையின் ரூபவாஹினியைக் காசில்லாமல் பார்த்த தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்தில் நிற்கும் தூர்தர்ஷன் கோபுரத்திலிருந்து வந்த ஒளிபரப்புக்கும் யாரும் மாதக் கட்டணம் கேட்டதில்லை. காற்றில் வருவது எல்லோருக்கும் பொது என்ற எண்ணம் அப்போது தவறாகவும் இருக்கவில்லை, ஏனெனில் அவை பொதுமக்களுக்கென்றே திறந்துவிடப்பட்ட ஒளிபரப்புகள். கட்டணச் சேனலை யாரோ ஒருவர் எடுத்துத் தம் சர்வரிலிருந்து மறுபடி அனுப்புவது முற்றிலும் வேறான செயல். அதைக் காசுக்கு விற்பவர் அந்தச் செயலில் பங்காளியாகிறார்.

கடைக்காரருக்கு வரும் வாய்ப்புகள்

முதல் வகை, கட்டற்ற மென்பொருள். விஎல்சி, கோடி (Kodi) ஆகிய இரண்டு பிளேயர்களும், எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வெளியிடப்படுபவை. இந்த உரிமம் காசுக்கு விற்பதைத் தடை செய்யவில்லை. ஆனால் விற்பவர் அதன் மூலநிரலையும் (மென்பொருள் எழுதப்பட்ட நிரல் வரிகளையும்) வாங்குபவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். வாங்குபவர் அதை மேலும் பிறருக்குக் கொடுப்பதைத் தடுக்கவும் கூடாது. அத்துடன் பெயரும் சின்னமும் அவற்றை உருவாக்கிய அமைப்புகளுக்குச் சொந்தமான வணிகக் குறிகள். எக்ஸ்பிஎம்சி என்ற பெயரிலிருந்து 2014-இல் பெயர் மாறிய கோடி, தன் பெயரைச் சொல்லித் திருட்டுச் சேனல்களை ஏற்றி விற்பவர்களைத் தொடர்ந்து எதிர்த்து வருகிறது. எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஒன்றுக்கு வேறு பெயரும் புதிய சின்னமும் ஒட்டி எண்ணூறு ரூபாய் வாங்கினால், வாடிக்கையாளரின் கல்லூரி செல்லும் மகன் ஒரே வாரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவான். இத்தகைய மென்பொருளுக்கு விலை வாங்காமல், நிறுவித் தருவதற்கும் தமிழில் அமைத்துக் கற்பித்துத் தருவதற்கும் கூலி என்று வெளிப்படையாகச் சொல்லி வாங்குவதே சரி. அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

இரண்டாம் வகை, கட்டணப் பிளேயர். நிகழ்ச்சி அட்டவணை, குழந்தைகளுக்கான பூட்டு, பதிவு வசதி, ரிமோட் ஆதரவு ஆகியவற்றோடு உரிமக் குறியீடு போட்டு விற்கப்படும் மென்பொருள்கள் இவை. மறுவிற்பனையாளருக்குத் தள்ளுபடி விலையில் குறியீடுகள் கிடைக்கும். ஓரளவு நிலையான தொழில் இதில்தான் உள்ளது.

மூன்றாம் வகை, ஓராண்டுச் சந்தாக்களை முகவராக விற்பது. ஒளிபரப்பு நிறுவனமோ இணைய இணைப்பு நிறுவனமோ முறைப்படி முகவர்களை நியமித்திருந்தால், அவர்களது முகவர் குறியீட்டின்கீழ் விற்கலாம். இதில் சிக்கல் குறைவு, கமிஷனும் குறைவு.

நான்காம் வகையைக் குறித்துத்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. “ஐபிடிவி ரீசெல்லர் பேனல்”, அதாவது இணைய டிவியை மறுவிற்பனை செய்பவருக்கான கட்டுப்பாட்டுப் பக்கம், என்ற பெயரில் டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வருவது இதுதான். கடைக்காரர் ஒரு தொகையைக் கட்டிக் “கிரெடிட்” வாங்க வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், பேனலில் தாமே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உருவாக்கிக் கொடுக்கலாம். தமிழ், மலையாளம், இந்தி, அரபு, கிரிக்கெட், புதிய படங்கள் என்று ஆயிரக்கணக்கில் சேனல்கள் காட்டப்படும். விலையோ ஒரு கேபிள் இணைப்பின் மாதக் கட்டணத்தைவிடக் குறைவாக இருக்கும். எந்தச் சேனல் நிறுவனமும் அந்த விலைக்குத் தன் உரிமையைக் கொடுக்காது என்பதை யோசித்தாலே பொருள் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கிவிடும். பேனலை நடத்துபவரின் பெயரோ முகவரியோ எங்கும் இருக்காது. ஒருநாள் சர்வர் நின்றுவிட்டால் அவரது எண்ணும் நின்றுவிடும். ஆனால் காசு வாங்கிய கடைக்காரர் ஊரில்தான் இருப்பார். அவரது கடைக்குப் பெயர்ப்பலகையும் இருக்கும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, ஒளிபரப்பு நிறுவனத்துக்குத் தன் ஒளிபரப்பின்மீது 25 ஆண்டு உரிமை அளிக்கிறது. அனுமதியின்றி அதை மறு ஒளிபரப்பு செய்வதும், கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்களுக்குக் காட்டுவதும் அந்த உரிமையை மீறுவதாகும். 63-ஆம் பிரிவின்படி, தெரிந்தே உரிமை மீறுபவருக்கும் அதற்குத் துணைபோகிறவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இக்குற்றம் பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்கது, ஜாமீனில் விடத் தகாதது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தெளிவுபடுத்தியது. பூட்டுப்போட்டு அனுப்பப்படும் ஒளிபரப்பின் பூட்டை, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதற்கு, 2012 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. “நான் பேனல் மட்டும்தான் விற்றேன், சேனலை அனுப்பியது வேறு ஒருவர்” என்ற வாதம் கடைக்காரரைக் காப்பாற்றும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

இவை தவிர, மறுவிற்பனை உரிமையோடு வரும் பழைய மென்பொருள் தொகுப்புகளும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒருமுறை காசு கட்டினால் 3,000 சேனல், ஆயுள் முழுக்கப் பார்க்கலாம், எத்தனை பிரதி வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம் என்று அவற்றின் விளம்பரம் சொல்லும். உண்மையில் அவை இலவச இணைய முகவரிகளைத் தொகுத்து ஒரு சாளரத்தில் காட்டியவை. அவற்றில் பல ஃபிளாஷ் தொழில்நுட்பத்தையோ இன்டர்நெட் எக்ஸ்புளோரரையோ நம்பி எழுதப்பட்டவை; ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்றும், எக்ஸ்புளோரருக்கான ஆதரவு 2022 ஜூன் 15 அன்றும் முடிந்துவிட்டன. நிறுவினால் திறக்கும், பட்டியலும் தெரியும், சேனல் மட்டும் வராது. சில தொகுப்புகளில் விளம்பரத் தொல்லை தரும் கோப்புகளும் ஒட்டிக்கொண்டு வரும்.

மொத்தமாக வாங்குவதற்கு முன்

பிளேயர் விற்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, முதலில் ஒரு சாதாரண வாடிக்கையாளராக ஒரே ஒரு உரிமத்தை முழு விலைக்கு வாங்கிப் பார்க்க வேண்டும். குறியீடு எவ்வளவு நேரத்தில் வந்தது, ஒரு சந்தேகம் கேட்டால் எத்தனை நாளில் பதில் கிடைத்தது, கணினியை மாற்றினால் அதே குறியீட்டை மீண்டும் பயன்படுத்த முடிகிறதா என்பவை அப்போதுதான் தெரியவரும். அந்நிறுவனத்தின் இணையதளத்தில் சேனல்கள் எதுவும் தாங்கள் தருவதில்லை என்ற அறிவிப்பு இருந்தால் அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. நேர்மையான பிளேயர் நிறுவனங்கள் அப்படித்தான் எழுதுகின்றன. அதற்கு மாறாக, சன் நெக்ஸ்ட் போன்ற கட்டணச் சேவைகளைக் கணக்கே இல்லாமல் திறந்துகாட்டுவதாகச் சொல்லும் மென்பொருளைத் தொடவே கூடாது. இத்தகைய சேவைகள் தங்கள் ஒளிபரப்பைப் பூட்டிட்டு, தங்கள் செயலியிலோ தாங்கள் ஏற்றுக்கொண்ட பிரவுசரிலோ மட்டுமே திறக்கும்படி அனுப்புகின்றன. வேறு பிளேயரில் அது ஓடுகிறதென்றால் எங்கோ பூட்டு உடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

மறுவிற்பனை ஒப்பந்தத்தில் சில கேள்விகளுக்கு விடை கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு குறியீடு எத்தனை கணினிகளில் செல்லும், உரிமம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, விற்காத குறியீடுகளைத் திருப்பிக் கொடுக்க முடியுமா, வாடிக்கையாளர் பணத்தைத் திரும்பக் கேட்டால் அந்த இழப்பு யாருடையது, புதிய பதிப்பு வரும்போது பழைய உரிமம் செல்லுமா என்பவை அவற்றுள் முக்கியமானவை. குறியீட்டை வாங்கிய நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கும் என்று இருந்தால், இருப்பு வைத்து விற்பது நஷ்டமாகும். கடையின் பெயரையே மென்பொருளில் பொறித்துத் தருகிறோம் என்று கூடுதல் கட்டணம் கேட்பார்கள். தொடக்கத்தில் அது வீண் செலவு என்பது என் கருத்து. பெயர் நம்முடையதாக இருந்தால் பழியும் முழுவதும் நம்முடையதாகிவிடும். முதல் கொள்முதல் ஐந்து குறியீடுகளுக்கு மேல் போகவேண்டிய அவசியமில்லை.

வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்குவதென்றால் வங்கி அட்டையில் பன்னாட்டுப் பரிவர்த்தனையை முதலில் திறந்துவிட வேண்டும். அத்தோடு, தொழிலுக்காக வெளிநாட்டிலிருந்து சேவை வாங்குபவரே அதற்கான ஜிஎஸ்டி வரியைக் கட்ட வேண்டும் என்ற விதி உள்ளது. அந்த நிலையில் ஆண்டு விற்றுமுதல் சிறியதாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதால், முதல் தொகையை அனுப்பும் முன்பே வரி ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது. இந்திய விநியோகஸ்தரிடம் ரூபாயில் பில் போட்டு வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் சிறிய கடைக்கு அதுவே ஏற்றது.

கடைக் கணினியில் சோதனை

நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது பழைய மேசைக்கணினி, அல்லது வளைகுடாவிலிருந்து வந்தவர் கொண்டுவந்த மடிக்கணினி. ஆகவே புதிய கணினியில் ஓடுவதைப் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய இயந்திரம் ஒன்றைக் கடையில் சோதனைக்கென்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஒளிபரப்புகளில் எச்.265 என்னும் சுருக்க முறை பரவி வருகிறது. இன்டெலின் ஆறாம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகளில் அதை விரிக்கும் முழுமையான வன்பொருள் வசதி இல்லாததால், படம் விட்டுவிட்டு ஓடும், மின்விசிறி இரையும். விண்டோஸ் 7 உள்ள கணினியில் குரோம் பிரவுசரின் 109-ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இவற்றையெல்லாம் மென்பொருளை விற்ற பிறகு சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும். விற்கும் முன்பு சொன்னால் அதே செய்தி ஆலோசனையாகிவிடும்.

நிறுவும் கோப்பை எப்போதும் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். அதை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லிவிடும். நிறுவும்போது விண்டோஸ் நீலத் திரையில் எச்சரித்தால், அதைத் தள்ளிவிட்டுப் போகச் சொல்லி வாடிக்கையாளருக்குப் பழக்குவது கெட்ட வழக்கம். தயாரிப்பாளர் தம் கோப்பில் மின்னணுக் கையொப்பம் இடவில்லையா என்று அவரிடமே கேட்க வேண்டும்.

டேட்டா கணக்கையும் கையில் வைத்திருங்கள். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் வரும் சாதாரணத் தெளிவுள்ள ஒளிபரப்பு மணிக்கு ஏறத்தாழ 900 எம்பி செலவழிக்கும். 5 மெகாபிட் வேகத்தில் வரும் உயர்தெளிவு ஒளிபரப்பு மணிக்கு 2.25 ஜிபி செலவழிக்கும். நாளுக்கு 1.5 ஜிபி கிடைக்கும் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்துப் பார்ப்பவருக்கு, சாதாரணத் தெளிவிலேயே ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் டேட்டா தீர்ந்துவிடும். மெகாத் தொடருக்கும் செய்திக்கும் அது போதலாம். ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்குப் போதாது. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு இல்லாதவரிடம் இந்த மென்பொருளை விற்காமல் இருப்பதே நல்லது என்று நான் கருதுகிறேன்.

யாருக்கு விற்பது, எப்படிப் பேசுவது

முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார். “காக்கா (அண்ணா), சன் டிவி வருமா? ஒருதடவை காசு கட்டினா ஆயுசுக்கும் வருமா?” என்று கீழக்கரையில் ஒரு இளைஞர் கேட்டால், கடைக்காரர் சொல்ல வேண்டிய விடை இதுதான்: “இல்லை தம்பி, இது பார்க்கிற சாஃப்ட்வேர் மட்டும்தான். இலவசமாக விடுகிற சேனல் எல்லாம் இதில் வரும். காசு கட்டிப் பார்க்கிற சேனலுக்கு அந்தக் கம்பெனிக்குத்தான் காசு கட்ட வேண்டும்.” இந்த விடையைக் கேட்டுச் சிலர் திரும்பிப் போவார்கள், போகட்டும். வாங்கிய பிறகு திரும்பி வந்து கடை வாசலில் நின்று கேட்பவரைவிட, வாங்காமல் போகிறவர் கடைக்குக் குறைந்த செலவு வைக்கிறார்.

இலவசமாகவும் முறையாகவும் கிடைப்பவை எவை என்பதைக் கடைக்காரர் தாமே பார்த்து ஒரு பட்டியலாக வைத்திருக்க வேண்டும். பொதிகை என்ற பெயரிலிருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆன தூர்தர்ஷன் சேனலும், பிரசார் பாரதி அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் தளமும் அதில் இடம்பெறும். புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர் நியூஸ் போன்ற செய்திச் சேனல்கள் தங்கள் நேரலையை யூடியூபில் தாங்களே விடுகின்றன. இவற்றைப் பிரவுசரிலேயே பார்க்கலாமே என்று வாடிக்கையாளர் கேட்டால், பார்க்கலாம் என்றுதான் சொல்ல வேண்டும். மென்பொருளால் கூடுதலாகக் கிடைப்பது வசதிதான்: எல்லாச் சேனலும் ஒரே பட்டியலில் இருக்கும், எழுத்து பெரிதாகத் தெரியும், வீட்டிலுள்ள மூத்தவர்கள் ரிமோட்டிலேயே மாற்றிக்கொள்வார்கள். பதிவு வசதி உள்ள பிளேயரில், தம் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துவைத்துக்கொள்வதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதைப் பென்டிரைவில் ஏற்றி விற்பதை அனுமதிக்கவில்லை.

ராமேஸ்வரம் தங்கும் விடுதிகளிலிருந்து வரும் கேள்விக்குத் தனிக் கவனம் வேண்டும். இருபது அறைகளுக்கும் ஒரே சந்தாவில் இணையத் தொலைக்காட்சி கொடுக்க முடியுமா என்று விடுதிக்காரர் கேட்பார்; பெரிய ஆர்டர் என்று மனம் ஆசைப்படும். விடுதி அறைகளுக்கு ஒரே நேரத்தில் ஒளிபரப்பைக் கொண்டுசெல்வது பொதுமக்களுக்குக் காட்டுவதாகவே கருதப்படும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் உள்ள விளக்கம் வெளிப்படையாகச் சொல்கிறது. வீட்டுச் சந்தாவை விடுதியில் பயன்படுத்தக் கூடாது. வணிகப் பயன்பாட்டுக்கான இணைப்பை விடுதிக்காரரே கேபிள் நிறுவனத்திடமோ டிடிஎச் நிறுவனத்திடமோ எடுக்க வேண்டும். வரவேற்பறைக் கணினியில் பிளேயரை அமைத்துத் தருவதும், அறைகளுக்குச் செல்லும் நெட்வொர்க்கைச் சரிசெய்து தருவதும் நம் வேலையாக இருக்கலாம்.

துபாயிலோ மலேசியாவிலோ உள்ள உறவினருக்கு இங்கிருந்தே உரிமம் வாங்கி அனுப்ப விரும்பும் குடும்பங்கள் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் நிறைய உண்டு. பிளேயர் மென்பொருள் எங்கும் ஓடும். சேனல்கள் நாட்டுக்கு நாடு தடுக்கப்பட்டிருக்கும். அந்தத் தடையைத் தாண்டுவதற்கு விபிஎன் (வேறு நாட்டிலிருந்து இணைவதுபோல் காட்டும் சேவை) சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டால் மறுத்துவிட வேண்டும். விபிஎன் கொண்டு குற்றமான செயலைச் செய்வதை ஐக்கிய அரபு அமீரகச் சட்டம் கடுமையாகத் தண்டிக்கிறது. அங்கே வேலைக்குப் போயிருப்பவரின் விசாவோடு விளையாடும் காரியம் அது.

விலை, பில், வரி

விலையை நிர்ணயிக்கும்போது உரிமத்தின் விலையையும் நிறுவும் கூலியையும் பில்லில் தனித்தனி வரியாகக் காட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, 500 ரூபாய்க்கு வாங்கிய ஓராண்டு உரிமத்தை 650 ரூபாய்க்கும், வீட்டுக்கு வந்து நிறுவி டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்துக் கொடுப்பதை 300 ரூபாய்க்கும் போடலாம். தயாரிப்பாளரின் இணையதளத்தில் சில்லறை விலை எல்லோருக்கும் தெரியும்படி இருப்பதால், உரிமத்தில் பெரிய லாபம் வைக்க முடியாது. வருமானம் கூலியிலிருந்துதான் வர வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ஒருமுறை போய்வந்தால் 150 ரூபாய் லாபம் பெட்ரோலுக்கே சரியாகிவிடும். எனவே எந்த ஊர்வரை நேரில் வருவோம், அதற்கு அப்பால் என்ன கட்டணம் என்பதைக் கடைப் பலகையிலேயே எழுதிவைப்பது நல்லது.

இணையம் வழியாக வழங்கப்படும் மென்பொருள் உரிமம் ஜிஎஸ்டியில் சேவையாகக் கருதப்படுகிறது. வரி 18 சதவீதம். சேவை வழங்குபவர் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் விற்றுமுதலைத் தாண்டும்போது பதிவு செய்ய வேண்டும். இந்த வரம்பு கடையின் மொத்த விற்றுமுதலுக்குத்தான், இந்த ஒரு பொருளுக்கு மட்டுமல்ல. பதிவு இல்லாத கடை பில்லில் வரி என்று ஒரு தொகையை வசூலிக்கக் கூடாது. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் தாமே செய்துகொள்ளலாம்.

பில்லின் அடியில் இப்படி ஒரு வாக்கியம் அச்சாகியிருக்கட்டும்: “இது பிளேயர் மென்பொருளுக்கான ஓராண்டு உரிமம் மட்டுமே, எந்தக் கட்டணச் சேனலின் சந்தாவும் இதில் சேரவில்லை.” வாடிக்கையாளரின் கையொப்பத்தை அதன் கீழே வாங்கிக்கொள்ள வேண்டும். பணத்தை யுபிஐ வழியாகக் கடையின் கணக்கிலேயே பெறுவது பின்னால் கணக்குப் பார்க்க உதவும்.

மீன்பிடிப் பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பகுதிகளில் அந்த மாதங்களில் புதுப்பிப்புக் கட்டணம் கேட்டுப் போனால், கொடுக்க மனமிருப்பவரிடமும் காசு இருக்காது. அக்குடும்பங்களுக்கு விற்கும் உரிமத்தின் ஆண்டு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ முடியும்படி தொடங்கிவைத்தால் இரு தரப்புக்கும் எளிது.

விற்ற பிறகு

விற்ற பின் வரும் அழைப்புகளில் பெரும்பகுதிக்கும் மென்பொருளுக்கும் தொடர்பே இருக்காது. “படம் சுத்திக்கிட்டே இருக்கு” என்றால் முதலில் கேட்க வேண்டியது, வேறு சேனலும் அப்படியா, யூடியூபும் அப்படியா என்பதுதான். யூடியூபும் சுற்றினால் கோளாறு இணைப்பில் இருக்கிறது. கடலோர வீடுகளில் உப்புக்காற்று பட்டு லேன் கேபிளின் முனையிலுள்ள செம்பு ஊசிகள் பச்சை பூத்துவிடும். முனையை வெட்டிப் புதிய முனையைக் கிரிம்ப் செய்தாலே (அழுத்திப் பொருத்தினாலே) பல புகார்கள் தீர்ந்துவிடும் என்பதால், கிரிம்பிங் கருவியும் சில முனைகளும் பையில் எப்போதும் இருக்க வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் கடை வைத்திருப்பவர் ஹாட்ஸ்பாட்டில் பார்த்தால், கைபேசி இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. நெட்வொர்க் தேர்வைத் தானியங்கி நிலையிலிருந்து மாற்றி, தம் நிறுவனத்தையே குறிப்பிட்டு வைக்கச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சேனல் மட்டும் வரவில்லையென்றால், அந்த நிறுவனம் முகவரியை மாற்றியிருக்கும். புதிய முகவரியை அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுத்துப் பட்டியலில் திருத்தினால் போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்சாரமும் ஃபைபரும் சேர்ந்தே போகும். அப்போது யாராலும் எதுவும் செய்ய முடியாது.

தொலைவிலுள்ள வாடிக்கையாளரின் கணினியை விண்டோஸிலேயே உள்ள குவிக் அசிஸ்ட் வழியாகக் கடையிலிருந்தபடி சரிசெய்யலாம். இதில் ஓர் ஒழுங்கு தேவை. திரையைப் பகிரும் செயலிகளைக் கொண்டு வங்கிக் கணக்கைச் சுரண்டுவோர் குறித்து ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்திருக்கிறது. எனவே கடையிலிருந்து நாமாக அழைத்துக் குறியீடு கேட்க மாட்டோம், வாடிக்கையாளர் அழைத்தால் மட்டுமே இணைவோம், அந்த நேரத்தில் வங்கிப் பக்கம் எதுவும் திறந்திருக்கக் கூடாது என்று முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும். கடையின் பெயரைச் சொல்லி வேறு யாராவது அழைத்து ஏமாற்றியிருந்தால், உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யச் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைக் கடை நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும்.

நோட்டில் எழுத வேண்டியவை வேறு: வாடிக்கையாளரின் பெயர், ஊர், உரிமக் குறியீடு, தொடங்கிய நாள், முடியும் நாள், எந்தக் கணினியில் நிறுவப்பட்டது என்பன. குறியீட்டைத் தயாரிப்பாளரின் சர்வர் சரிபார்த்த பிறகே பல பிளேயர்கள் திறக்கின்றன. அந்த நிறுவனம் மூடப்பட்டால் மென்பொருளும் அன்றோடு நின்றுவிடும். ஆயுள் உரிமம் என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்தாலும், கடையிலிருந்து ஓராண்டு உரிமமாகவே விற்பது பாதுகாப்பு. அப்படி நடுவில் நின்றுவிட்டால், நிறுவிய கூலியைத் தவிர்த்து உரிமத் தொகையை மாதக் கணக்கில் பிரித்து, எஞ்சிய மாதங்களுக்கு உரியதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்: 660 ரூபாய் உரிமத்தில் ஐந்து மாதம் மீதமிருந்தால் 275 ரூபாய். அந்தத் தொகையைத் தருவதோடு, அதே கணினியில் விஎல்சியை நிறுவி, இலவசச் சேனல் பட்டியலையும் அதில் ஏற்றிக் கொடுத்துவிடலாம். பட்டியல் கோப்பு இரண்டிலும் ஒன்றே என்பதால் இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.